தொடர்பு எல்லைக்கு அப்பால்: இயந்திரங்கள் சொல்லும் காரணங்களை வாசித்தல்

கடந்த இருபத்தைந்து வருஷத்தில் தமிழில் அதிகம் கேட்கப்பட்ட உரைநடை எது என்று என்னைக் கேட்டால் நாவல், சிறுகதை எதையும் சொல்ல மாட்டேன். 'நீங்கள் தொடர்புகொள்ளும் வாடிக்கையாளர் தற்போது தொடர்பு எல்லைக்கு அப்பால் இருக்கிறார்' என்ற வாக்கியத்தைத்தான் சொல்வேன். கூடவே அதன் உடன்பிறப்புகள் மூன்று: ஸ்விட்ச் ஆஃப் செய்யப்பட்டுள்ளது, வேறொரு அழைப்பில் இருக்கிறார், இந்த எண் உபயோகத்தில் இல்லை. இந்த நான்கையும் நாம் வாசிக்கிற தீவிரத்தோடு நல்ல கவிதையைக்கூட வாசிப்பதில்லை. எல்லைக்கு அப்பால்னா பஸ்ல இருப்பான், இன்னும் திண்டிவனம் தாண்டியிருக்க மாட்டான். வேறொரு அழைப்புன்னா யார்கூட, இவ்வளவு நேரமா? ஸ்விட்ச் ஆஃப்னா வேணும்னே பண்ணியிருக்கா. ஒரு காதல் முறிய அந்தக் கடைசி வாக்கியமே போதுமானதாக இருந்திருக்கிறது.

நெட்வொர்க்குக்கு உண்மையில் என்ன தெரியும்? பட்டனை அழுத்தி முறையாக அணைத்தால், போன் கண்ணை மூடும் முன் 'நான் போகிறேன்' என்று டவருக்கு ஒரு சின்னச் செய்தி அனுப்பிவிடும். நெட்வொர்க் அதைத் தன் பதிவேட்டில் குறித்துக்கொள்ளும். போன் லிஃப்ட்டுக்குள் போனாலோ, பேட்டரி கழன்றாலோ, கிணற்றில் விழுந்தாலோ அந்தச் செய்தி வராது. அது இன்னும் இருக்கிறது என்று நினைத்தே நெட்வொர்க் கூப்பிடும், பதில் வராது, எனவே 'எல்லைக்கு அப்பால்'. ரொம்ப நேரம் சத்தமே இல்லை, குறித்த இடைவெளியில் வரவேண்டிய வருகைப்பதிவும் வரவில்லை என்றால், அதுவாகவே அந்த போனை அணைந்தவற்றின் கணக்கில் எழுதிவிடும். ஆக, மலையில் சிக்னல் இல்லாமல் தவிக்கிறவனும் கோபத்தில் பட்டனை அழுத்தியவளும் ஒரே வாக்கியத்துக்குள் வந்து உட்காரலாம். நெட்வொர்க்கின் பக்கத்திலிருந்து பார்த்தால் இதில் பொய் ஏதும் கிடையாது. பதிவேட்டில் இருப்பதை அது படித்துக் காட்டுகிறது. நமக்கு வந்து சேரும்போது அதே வாக்கியம் ஒரு மனுஷியின் மனநிலையைப் பற்றிய சாட்சியமாகிவிடுகிறது.

இந்தக் கட்டுரை அந்த இடைவெளியைப் பற்றியது. ஒரு செயல் தோற்றுப்போகும்போது இயந்திரம் சொல்லும் காரணம், அது பிறக்கிற இடத்தில் உண்மையாகவும் வாசிக்கப்படுகிற இடத்தில் பொய்யாகவும் இருக்க முடியும். என் வாசிப்பில், பிழைச்செய்தி என்ற இந்தக் குட்டி இலக்கிய வகையின் முழுச் சிக்கலும் இதுதான்.

'பிழைச்செய்தி எல்லாம் ஒரு இலக்கிய வகையா பாஸ்?' என்று நீங்கள் சிரிக்கலாம். சிரிங்க. ஆனால் அதற்கு எழுதுகிறவர் இருக்கிறார், வாசகர் இருக்கிறார், தொனி இருக்கிறது. வாசகர் தன் பதற்றத்தின் உச்சத்தில் அதை வாசிக்கிறார். இந்த வசதி எந்தக் கவிஞருக்கும் கிடைக்காது. இதைப் பற்றி யோசித்தவர்களும் உண்டு. பென் ஷ்னைடர்மன் 1982லேயே கணினிச் செய்திகளின் தொனியைப் பற்றி எழுதினார்: திட்டாதே, குறிப்பாகச் சொல், அடுத்து என்ன செய்வது என்று சொல். ஜேக்கப் நீல்சன் 1994ல் தொகுத்த பத்து விதிகளில் ஒன்பதாவதும் இதையொட்டியது. இரண்டும் நல்ல அறிவுரைகள். எழுதுகிறவனுக்கான அறிவுரைகள். விமர்சகன் கேட்க வேண்டிய கேள்வி கொஞ்சம் வேறு: இந்த வாக்கியம் யாருடைய வாயில் கிளம்பி, யார் யார் கை மாறி, யாருடைய காதுக்கு வருகிறது?

*

நம்மிடம் ஏற்கெனவே ஒரு கருவி இருக்கிறது. பத்தாம் வகுப்பில் மார்க்குக்காக மனப்பாடம் பண்ணிவிட்டு மறந்துபோன விஷயம்: பவணந்தியின் நன்னூல் சொல்லும் எட்டு வகை விடைகள். சுட்டு, மறை, நேர், ஏவல், வினா எதிர் வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி. முதல் மூன்றும் நேரடியானவை. மீதி ஐந்தும் குறிப்பால் பதில் சொல்பவை. பதிமூன்றாம் நூற்றாண்டு இலக்கணத்தைக் கொண்டுவந்து கம்ப்யூட்டர் திரையில் ஒட்டுவது கொஞ்சம் ஓவர்தான். ஆனால் ஒட்டிப் பாருங்கள், ஒட்டுகிறது.

'அனுமதி இல்லை' என்பது மறை. 'பிறகு முயற்சிக்கவும்' ஏவல். கேட்டதைச் செய்வாயா என்றால் 'நீ இன்னொன்று செய்' என்கிற பதில் அது. 'டிஸ்க்கில் இடமில்லை' உற்றது உரைத்தல், தனக்கு நேர்ந்ததைச் சொல்கிறது. 'சேமிக்காத மாற்றங்கள் அழிந்துவிடும்' உறுவது கூறல். நேர் விடைக்கு யூனிக்ஸ் மரபில் வார்த்தையே கிடையாது. சொன்ன வேலை முடிந்தால் அது பேசாமல் இருக்கும்.

வினா எதிர் வினாதலுக்கு உலகத்திலேயே சுத்தமான உதாரணம் கென் தாம்சன் 1969ல் எழுதிய 'எட்' என்கிற எடிட்டர். நீங்கள் என்ன தப்பு செய்தாலும் அதன் பதில் ஒரே ஒரு எழுத்து: '?'. கட்டளை தப்பா, ஃபைல் இல்லையா, சேமிக்காமல் கிளம்புகிறீர்களா, எல்லாவற்றுக்கும் '?'. புரோகிராமர்கள் இதை வைத்து ஒரு ஜோக் சொல்வார்கள். தாம்சன் ஒரு கார் செய்தாராம். அதில் ஸ்பீடாமீட்டர் இல்லை, பெட்ரோல் முள் இல்லை, டாஷ்போர்டு நடுவில் பெரிய கேள்விக்குறி மட்டும். அனுபவசாலி டிரைவருக்கு அது எரிந்தாலே என்ன கோளாறு என்று புரிந்துவிடுமாம். கிண்டல்தான், ஆனால் அந்த '?'க்கு ஒரு நியாயம் இருந்தது. அன்றைக்குத் திரை கிடையாது. டெலிடைப் என்ற தட்டச்சு இயந்திரம் ஒவ்வொரு எழுத்தையும் காகிதத்தில் மெதுவாகத் தட்டும். எழுதியவரும் வாசித்தவரும் ஒரே கட்டிடத்தில் வேலை பார்த்தவர்கள். நண்பன் புருவத்தைத் தூக்கினால் நமக்குப் புரிகிற மாதிரி அவர்களுக்கு அது புரிந்தது. சுருக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன். வாசகர் யாரென்று தெரிந்து எழுதப்பட்ட சுருக்கம் அது.

நன்னூலின் எட்டு விடைகளுக்கும் அடியில் சொல்லப்படாத ஓர் அனுமானம் இருக்கிறது. கேட்டவனும் சொல்கிறவனும் எதிரெதிரே நிற்கிறார்கள். கேள்வி போன வழியிலேயே பதில் திரும்புகிறது. இயந்திரங்களில் இது உடைகிறது. நீங்கள் பட்டனை ஆப்பிடம் அழுத்துகிறீர்கள், ஆப் சர்வரைக் கேட்கிறது, சர்வர் இன்னொரு சர்வரை, அது ஒரு தரவுத்தளத்தை. கடைசி ஆள் தன் மொழியில் 'முடியாது' என்கிறான், அந்த வார்த்தை அப்படியே கைமாறிக் கைமாறி மேலே வருகிறது. கடைசி ஆளுக்கு நீங்கள் யாரென்றே தெரியாது.

*

எனக்கு மிகப் பிடித்த பிழைச்செய்தி யூனிக்ஸில் 25ஆம் எண் பிழை. அதன் வாசகம்: 'டைப்ரைட்டர் அல்ல'. அவ்வளவுதான். இன்றைய லினக்ஸில் இந்த வாசகத்தைப் பூசி மெழுகி வேறாக்கிவிட்டார்கள். பழையதில் இருந்த அழகு போய்விட்டது.

பிறந்த கதை எளிமையானது. ஆரம்பகால யூனிக்ஸில் டெர்மினல் என்றால் நிஜமாகவே தட்டச்சு இயந்திரம். டெர்மினலுக்கு மட்டுமே செய்யக்கூடிய ஒரு காரியத்தைச் சாதாரண ஃபைலிடம் செய்யச் சொன்னால், கர்னல் நியாயமாகவே 'இது டைப்ரைட்டர் அல்ல' என்று சொல்லும். இதில் குற்றம் சொல்ல எதுவும் இல்லை. அடுத்து நடந்ததுதான் கதை. யூனிக்ஸில் ஒரு செயல் தோற்றால் காரணம் ஒரு எண்ணாக 'எர்நோ' என்ற ஒரே ஒரு டப்பாவில் போடப்படும். அடுத்த தோல்வி வரும்வரை பழைய எண் அதிலேயே கிடக்கும். யாரும் துடைப்பதில்லை. சி மொழியின் நூலகமோ எந்த ஃபைலில் எழுதத் தொடங்கினாலும், முதலில் 'நீ டெர்மினலா?' என்று சத்தமில்லாமல் கேட்டுக்கொள்ளும். எவ்வளவு சேர்த்துவைத்து எழுதுவது என்று முடிவெடுக்க அந்தக் கேள்வி. ஃபைல் 'இல்லை' என்று சொல்லும்போது டப்பாவில் 25 விழுந்துவிடும். யாருக்கும் நஷ்டமில்லை, வேலை நடக்கிறது. கொஞ்ச நேரம் கழித்து, சம்பந்தமே இல்லாத வேறொரு காரணத்துக்காக, டப்பாவைத் தொடாத வேறொரு தோல்வி நிகழ்கிறது. பொறுப்பான புரோகிராமர் ஒருவர் பயனருக்குக் காரணம் சொல்ல வேண்டுமே என்று டப்பாவைத் திறந்து பார்க்கிறார்.

இப்படித்தான் ஒரு காலத்தில், போய்ச் சேராத மின்னஞ்சல்கள் 'டைப்ரைட்டர் அல்ல' என்ற காரணத்தோடு அனுப்பியவருக்கே திரும்பி வந்தன. பெறுநரின் பெயரை நீங்கள் தப்பாக எழுதியிருப்பீர்கள். கடிதம் திரும்பி வரும். உறையின் மேல் தபால்காரர் 'இது டைப்ரைட்டர் அல்ல' என்று எழுதியிருப்பார். நன்னூலின் இனமொழிகூட இந்த அளவுக்குத் தாவாது. ஆடத் தெரியுமா என்றால் பாடத் தெரியும் என்று சொல்வதில் ஒரு உறவு இருக்கிறது.

இதில் கர்னல் உண்மை சொன்னது. நூலகம் தன் வேலையைச் செய்தது. அஞ்சல் நிரல் நேர்மையாகக் காரணத்தை அறிவித்தது. சங்கிலியின் எந்தக் கண்ணியிலும் பொய்யில்லை. சிரித்துவிட்டுக் கடந்துபோகக்கூடிய நிகழ்வுதான் இது. ஆனால் இதே அமைப்பு வேறொரு இடத்தில் சிரிப்பை வரவழைக்கவில்லை.

*

அந்த இடம் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் டைலர் நகரப் புற்றுநோய் மையம். 1986 மார்ச். இயந்திரத்தின் பெயர் தெராக்-25, கனடா அரசின் அணுசக்தி நிறுவனம் தயாரித்த கதிர்வீச்சுச் சிகிச்சைக் கருவி. நோயாளி ஓர் அறையில், இயக்குபவர் வெளியே ஒரு கன்சோலின் முன்னால். அவருக்கு வேலை பழக்கமானது, விரல்கள் வேகமானவை. எலெக்ட்ரான் சிகிச்சைக்கு 'இ' என்று அடிக்க வேண்டிய இடத்தில் எக்ஸ்ரேக்கான 'எக்ஸ்' விழுந்துவிட்டது. உடனே மேலே போய்த் திருத்திவிட்டு, கீழே வந்து கதிரைச் செலுத்தினார். சில விநாடிகளுக்குள் செய்த அந்தத் திருத்தத்தை மென்பொருள் சரியாகக் கவனிக்கவில்லை. கருவியின் பாகங்கள் பாதி இந்த முறைக்கும் பாதி அந்த முறைக்குமாக நின்றன. திரையில் வந்த செய்தி: 'மால்ஃபங்ஷன் 54'. பக்கத்தில் 'சிகிச்சை இடைநிறுத்தம்'. கீழே அளவு: கேட்டது 202, கொடுத்தது 6.

இதை ஒரு பிரதியாக வாசித்துப் பாருங்கள். 54 என்றால் என்ன? இயக்குபவரின் கையேட்டில் விளக்கமில்லை. கருவியோடு இருந்த தாளில் 'டோஸ் இன்புட் 2' என்று மட்டும் இருந்தது. அதற்கு அர்த்தம், கொடுக்கப்பட்ட அளவு ரொம்ப அதிகம் அல்லது ரொம்பக் குறைவு என்பதாம். அதிகமா குறைவா என்று கேட்டால் அதற்கும் 54தான் பதில். அடுத்து 'இடைநிறுத்தம்' என்ற சொல். இந்தக் கருவி இரண்டு விதமாக நிற்கும். கடுமையான கோளாறு என்றால் 'ரத்து', எல்லாவற்றையும் முதலிலிருந்து அமைக்க வேண்டும். லேசானது என்றால் 'இடைநிறுத்தம்', 'பி' என்ற ஒரு விசையைத் தட்டினால் தொடரலாம். மிக மோசமான விபத்துக்கு இயந்திரம் தேர்ந்தெடுத்த சொல் லேசானது. மூன்றாவதாக அந்த எண்கள்: கேட்டது 202, போனது 6. வாசிக்கிற யாருக்கும் தோன்றுவது, நோயாளிக்குச் சிகிச்சை இன்னும் கிடைக்கவேயில்லை என்பதுதான்.

அவர் 'பி'யைத் தட்டினார்.

அறைக்குள் இருந்தவருக்கு முதல் முறையே உடம்பில் மின்சாரம் பாய்ந்த மாதிரி இருந்தது. எழுந்திருக்க முயன்றுகொண்டிருந்தபோது இரண்டாவது பாய்ந்தது. அறையைக் காட்டும் கேமரா திரைக்கு அன்று இணைப்பில்லை, பேசும் கருவியும் பழுது. அவர் கதவைத் தட்டியபோதுதான் வெளியே இருந்தவருக்குத் தெரிந்தது. பிறகு கணக்கிட்டதில், 180 ராட் போகவேண்டிய இடத்தில் 16,500க்கும் 25,000க்கும் இடையே போயிருக்கலாம் என்று மதிப்பிட்டார்கள். ஐந்து மாதத்தில் அவர் இறந்தார். அடுத்த மாதம் அதே மையத்தில், அதே 54, இன்னொருவர். 1985 முதல் 1987 வரை இந்தக் கருவியால் ஆறு விபத்துகள். நான்சி லெவிசனும் கிளார்க் டர்னரும் 1993ல் எழுதிய ஆய்வறிக்கை இதையெல்லாம் பொறுமையாக அடுக்கிச் சொல்கிறது. அதில் என்னை விடாத தகவல் ஒன்று: இந்த இயந்திரத்தில் கோளாறுச் செய்திகள் சில நாட்களில் நாற்பது வரை வருமாம். பெரும்பாலானவற்றால் நோயாளிக்கு ஆபத்தில்லை. நாற்பது முறை புலி வருது என்று கத்தியவனின் நாற்பத்தோராவது வாக்கியத்தை யார் உற்றுக் கேட்பார்கள்?

மென்பொருள் பொறியாளர்கள் தெராக்கை நேரம் தவறிய நிரலின் கதையாகச் சொல்வார்கள், அது சரியே. எனக்கு அது ஒரு மோசமான உரைநடையின் கதையும்கூட. அளவைக் கணக்கிட்ட பாகம் தன் எல்லைக்குள் உண்மை பேசியது. கதிரின் வெள்ளத்தில் திணறிப்போன அதன் கருவிக்கு 6தான் தெரிந்தது. 'நான் திணறிவிட்டேன், என் எண்ணை நம்பாதே' என்று சொல்ல அதற்கு ஒரு சொல் கொடுக்கப்படவில்லை.

*

காரணத்தை வேண்டுமென்றே மறைக்கிற செய்திகளும் உண்டு. சிலதில் நியாயம் இருக்கிறது. 'பயனர் பெயரோ பாஸ்வேர்டோ தவறு' என்ற வாக்கியத்தில் எது தவறு என்று அதற்குத் தெரியும். சொன்னால், யாருக்கெல்லாம் கணக்கு இருக்கிறது என்று திருடன் ஒவ்வொரு பெயராகத் தட்டிப் பார்த்துக் கண்டுபிடிப்பான். வாசகர் நல்லவரா என்று தெரியாத இடத்தில் எழுதப்படும் வாக்கியம், சகித்துக்கொள்ளலாம். இணையத்தின் 403 'உனக்கு அனுமதி இல்லை', 404 'அப்படி ஒன்று கிடைக்கவில்லை'. அனுமதி இல்லாததை இல்லவே இல்லை என்று சொல்லிவிடவும் விதிகள் இடம் கொடுக்கின்றன. இந்த மழுப்பலில் கடுப்பாகித்தான் டிம் பிரே என்பவர் 451 என்ற எண்ணை முன்மொழிந்தார், 2016ல் அது முறையான விதியானது. சட்டக் காரணங்களுக்காகத் தடுக்கப்பட்டது என்று பொருள், பிராட்பரியின் நாவல் நினைவாக அந்த எண். யார் தடுக்கச் சொன்னார்கள், எந்தச் சட்டப்படி என்றும் அதோடு சொல்ல வேண்டும் என்பது அதன் எதிர்பார்ப்பு. இந்தியாவில் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவுக்கான 2009 விதிகளில் பதினாறாவது, இத்தகைய கோரிக்கைகளும் நடவடிக்கைகளும் ரகசியமாகவே இருக்க வேண்டும் என்கிறது. ஆகவே நம் திரையில் வருவது 'அரசின் உத்தரவுப்படி' என்கிற அளவிலான ஒன்று. காரணம் இருக்கிறது, காரணத்துக்கு வாய் கட்டியிருக்கிறது.

எனக்குச் சகிக்கவே முடியாதது 'ஏதோ தவறு நேர்ந்துவிட்டது' என்ற இன்றைய சர்வலோகப் பொது வாக்கியம். முன்னால் 'அச்சச்சோ!' என்று ஒரு கொஞ்சலும் சேர்த்துக்கொள்வார்கள். இது எப்படி எழுதப்படுகிறது என்று புரோகிராம் எழுதுகிறவர்களுக்குத் தெரியும். தெரிந்த தோல்விகளுக்கு எல்லாம் வழி எழுதியபின், மீதி எதுவானாலும் இங்கே வந்து விழட்டும் என்று கடைசியில் ஒரு வலை கட்டுவார்கள். நாளாக ஆக, தெரிந்த தோல்விகளையும் அதற்குள்ளேயே தள்ளிவிடுவார்கள், யார் உட்கார்ந்து தனித்தனியாக எழுதுவது? அதைத் தமிழாக்கும்போது இன்னொன்று நடக்கிறது. நேர்ந்தது, ஏற்பட்டது, நிகழ்ந்தது என்று செய்தவனே இல்லாத வினைகளுக்கு நம்மிடம் பஞ்சமே இல்லை. விபத்துச் செய்தியும் அரசாணையும் வளர்த்துவிட்ட நடை அது. பழைய விண்டோஸ் ஒரு காலத்தில் 'இந்த நிரல் சட்டவிரோதச் செயல் புரிந்துவிட்டது' என்று போலீஸ் மாதிரி மிரட்டும். அந்த மிரட்டல் எவ்வளவோ மேல். குற்றவாளி யாரென்றாவது சொன்னது.

(போகிற போக்கில் ஒன்று. தவறுவதற்கும் உயிர் வாழ்வதற்கும் 'பிழை' என்ற ஒரே வினை இருக்கும் மொழியில் பிழைச்செய்திகள் இன்னும் கொஞ்சம் நன்றாக வந்திருக்கலாம்.)

எதிர்முனையில் நல்ல எழுத்தும் இருக்கிறது. எவான் சாப்லிக்கி உருவாக்கிய எல்ம் என்ற நிரல்மொழியின் கம்பைலர் 2015 வாக்கில் 'நான்' என்று பேசத் தொடங்கியது. நீங்கள் எழுதிய வரியை அப்படியே எடுத்துக் காட்டி, அதில் இடறிய இடத்தை அடையாளமிட்டு, நான் இங்கே எண்ணை எதிர்பார்த்தேன், நீ எழுத்தைக் கொடுத்திருக்கிறாய், இப்படிச் செய்ய நினைத்தாயோ என்று கேட்கும். சுத்தமான சுட்டு விடை. ரஸ்ட் போன்ற மொழிகளிலும் இப்போது இந்த அக்கறை தெரிகிறது. ஆனால் கம்பைலருக்கு ஒரு வசதி உண்டு. அதன் முன்னால் இருக்கும் பிரதியும் உங்கள் முன்னால் இருக்கும் பிரதியும் ஒன்றே. விரலை நீட்டினால் இருவரும் ஒரே இடத்தைப் பார்க்கலாம்.

மளிகைக்கடையில் யுபிஐ ஸ்கேன் செய்துவிட்டு நிற்கிறவருக்கு அந்த வசதி இல்லை. பணம் அக்கவுண்ட்ல கட் ஆயிடுச்சு, கடைக்காரர் பெட்டி பேசவில்லை. திரையில் ஒரு வட்டம் சுற்றுகிறது. இந்த நொடியில் ஆப்புக்கு நிஜமாகவே தெரியாது. போன கேள்விக்குப் பதில் வரவில்லை. பணம் போய்ச் சேர்ந்தும் பதில் தொலைந்திருக்கலாம், போகாமலும் இருக்கலாம். நன்னூலின் எட்டில் 'தெரியாது' என்பதற்குத் தனி இடம் இல்லை, ஆப்களிலும் இல்லை. 'செயலாக்கத்தில் உள்ளது' என்று ஒரு பொன்முலாம் பூசிவிடுகிறார்கள். ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் இதற்குக் கெடு வைத்தது: கடைக்குச் செலுத்திய பணம் தொங்கினால் ஐந்து நாளுக்குள் திரும்ப வேண்டும், தவறினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு. அந்தச் சுற்றும் வட்டத்துக்குக் கீழே இந்த ஒரு வரியை எழுதியிருந்தால் எத்தனை கடை வாசல் சண்டைகள் குறைந்திருக்கும்!

*

நான் இதுவரை வாசித்ததில் ஆகமோசமான பிழைச்செய்தி இரண்டே ஆங்கிலச் சொற்கள்: 'இனாக்டிவ் ஆதார்'. செயலில் இல்லாத ஆதார்.

நூறு நாள் வேலைத் திட்டத்தில் கூலி வந்த வழி நீளமானது. வருகைப்பதிவேடு, ஒன்றிய அலுவலகத்திலிருந்து பணப் பரிமாற்ற ஆணை, மத்திய அரசின் நிதி மென்பொருள், தேசியக் கொடுப்பனவுக் கழகம், வங்கி. 2024 ஜனவரி 1 முதல் ஆதார் வழியாகவே கூலி என்று கட்டாயமாக்கினார்கள். அந்த வழியில், கழகத்திடம் 'மேப்பர்' என்ற ஒரு பட்டியல் இருக்கிறது. ஒரு பக்கம் ஆதார் எண், மறுபக்கம் எந்த வங்கி என்ற குறிப்பு. ஒருவர் கடைசியாக எந்த வங்கியில் ஆதாரை இணைத்தாரோ அதுவே நிற்கும். வங்கி சரியாகப் பதியாமல் விட்டாலோ, இணைப்பு அறுந்துபோனாலோ அந்த வரி செயலிழந்துவிடும். கூலி முட்டி நின்று திரும்பும். திரும்பும்போது அதன் நெற்றியில் ஒட்டப்பட்ட காரணம்தான் 'இனாக்டிவ் ஆதார்'.

இந்தச் சொற்களின் பொருளைத் தோண்டி எடுத்துச் சொன்னவர்கள் லிப்டெக் இந்தியா என்ற ஆய்வுக் குழுவினர். ஆதார் எண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. அட்டை செல்லும், கைரேகை செல்லும், ரேஷன் கடையில் அதே எண்ணுக்கு அரிசி கிடைக்கும். செயலிழந்தது பட்டியலின் ஒரு வரி. அந்த வரிக்கு உரிய பெயரடையை யாரோ பிடுங்கி ஆதாரின் தலையில் கட்டிவிட்டார்கள். மேப்பருக்குள் உட்கார்ந்திருப்பவருக்கு இது பிரச்சினையே இல்லை. அவர் பார்ப்பது ஆதார் எண்களின் பட்டியல், அதில் சிலது செயலில் உள்ளவை, சிலது இல்லாதவை. சுருக்கமாகப் பேசுகிறார். 'எட்'டின் கேள்விக்குறி மாதிரியே. என்ன, இங்கே வாசகர் அவர் கட்டிடத்தில் இல்லை. ஏதோ ஒரு கிராமத்தின் ஏரிக்கரையில் இருக்கிறார்.

அவருக்கு இது எழுத்தாக வருவதுகூட இல்லை. பணித்தளப் பொறுப்பாளர் வாய்வழியாக வரும்: 'உங்க ஆதார் வேலை செய்யலம்மா.' இதைக் கேட்ட அம்மா எங்கே போவார்? ஆதாரில் கோளாறு என்றால் ஆதார் எடுத்த இடத்துக்குத்தான். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, பஸ் ஏறி, இ-சேவை மையத்தில் வரிசையில் நிற்பார். அங்கே இருக்கிற பையன் எண்ணை அடித்துப் பார்த்துவிட்டு 'எல்லாம் சரியாத்தான் இருக்குக்கா' என்பான். அவனும் பொய் சொல்லவில்லை. அவர் போயிருக்க வேண்டியது வங்கிக் கிளைக்கு. காரணம் என்ற பெயரில் அவருக்குக் கொடுக்கப்பட்டது தப்பான பஸ்ஸுக்கு ஒரு டிக்கெட். '?' என்று மட்டும் வந்திருந்தால்கூட நாலு பேரைக் கேட்டிருப்பார்.

அந்த இரண்டு சொற்களைத் திருத்தி எழுதிப் பார்த்தேன். 'உங்கள் ஆதாரில் எந்தக் குறையும் இல்லை. உங்கள் கூலியை எந்த வங்கிக்கு அனுப்புவது என்ற பதிவு இப்போது செயலில் இல்லை. எந்தக் கணக்கில் கூலி வரவேண்டுமோ அந்த வங்கிக் கிளைக்குப் போய், நேரடிப் பணப் பரிமாற்றத்துக்கு ஆதாரை இணைக்கச் சொல்லுங்கள். கூலி போய்விடவில்லை, பதிவு சரியானதும் ஒன்றிய அலுவலகம் மறுபடி அனுப்ப வேண்டும்.' நாலு வாக்கியம். எஸ்எம்எஸ்ஸில் அனுப்பலாம், பணித்தளத்தில் படித்துக் காட்டலாம்.

எழுதி முடித்தபிறகுதான் இதில் யார் கையெழுத்துப் போடுவது என்று யோசித்தேன். முதல் இரண்டு வாக்கியமும் மேப்பருக்குத் தெரியும். மூன்றாவதைச் செய்துகொடுக்க வேண்டியது வங்கி. கூலியை மறுபடி அனுப்புவது ஒன்றிய அலுவலகம், அந்த அம்மா யார், எந்த ஊர், எத்தனை நாள் வேலை பார்த்தார் என்று தெரிந்ததும் அந்த ஒரு அலுவலகத்துக்குத்தான். நாலையும் சேர்த்து அச்சடித்துக் கையில் கொடுக்கக்கூடிய பிரிண்டர் அங்கேதான் இருந்தது. அங்கிருந்த கம்ப்யூட்டருக்குத் திரும்பி வந்ததோ அந்த இரண்டு ஆங்கிலச் சொற்கள்.